சுடரும் இல்லை, புகையும் இல்லை

தோக்கியோ நகரின் கின்சாப் பகுதியில் ஒரு யாக்கித்தோரி உணவகத்துக்குள் நுழைகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவோரக் கடை அல்ல. முன்னதாகவே இடம் பதிவு செய்துகொண்டு போகவேண்டிய, விலை உயர்ந்த உணவகம். உள்ளே வழவழப்பான நீண்ட மரப்பலகை ஒன்று. அதன் ஒரு பக்கம் பத்துப் பன்னிரண்டு நாற்காலிகள், மறுபக்கம் சமையற்காரர். அவருக்கு முன்னால் குறுகி நீண்ட பெட்டி போன்ற ஓர் அடுப்பு. மூங்கில் குச்சிகளில் கோத்த சிறுசிறு கோழித் துண்டுகள் அதன்மேல் வரிசையாக நிற்கின்றன. என்ன வேண்டும் என்று உங்களை யாரும் கேட்பதில்லை. சமையற்காரர் தாம் விரும்பும் வரிசையில் ஒவ்வொரு குச்சியாகச் சுட்டு உங்கள் தட்டில் வைப்பார். யாக்கித்தோரி என்ற சொல்லுக்குச் 'சுட்ட பறவை' என்பதுதான் பொருள்.

அடுப்பைச் சற்று உற்றுப் பாருங்கள். சுடர் இல்லை. புகையும் இல்லை, எப்போதாவது ஒரு சொட்டுக் கொழுப்பு விழும்போது மட்டும் ஒரு கீற்று எழுந்து மேலேயுள்ள புகைக்கூண்டுக்குள் மறைகிறது. நெருக்கி அடுக்கிய கரித்துண்டுகள் செம்மஞ்சளாக ஒளிர்கின்றன. இறைச்சி கரியைத் தொடவில்லை. சட்டி இல்லை, கம்பி வலைகூட இல்லை. குச்சியின் இரு பக்கமும் இரும்புச் சட்டங்களில் தங்க, இறைச்சி அந்தரத்தில் நிற்கிறது. சில நிமிடங்களில் வெளியே பொன்னிறமாகவும் உள்ளே சாறு வற்றாமலும் அது வெந்துவிடுகிறது. அதைச் சமைத்தது எது?

(இறைச்சி உண்ணாத வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கத்தரிக்காயும் காளானும் பச்சைமிளகாயும் இதே தணலில்தான் சுடப்படுகின்றன. இயற்பியல் எல்லாருக்கும் பொது.)

வெப்பம் கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்ற மூன்று வழிகளில் பரவும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். தோசைக்கல்லில் வேலை செய்வது கடத்தல். இட்லிப் பானையில் நீராவியின் ஓட்டம். இந்த ஜப்பானிய அடுப்பில் முதலிடம் கதிர்வீச்சுக்கு. அதாவது, இங்கே உணவைச் சமைப்பது ஒரு வகை ஒளியே. அதில் பெரும்பகுதி நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. சமையற்காரரின் கைவேலை முழுவதும் இந்த ஒளியை அடக்கி ஆளும் வேலைதான். அதைப் புரிந்துகொள்ள முதலில் கரியைப் பார்க்க வேண்டும்.

மணிபோல் ஒலிக்கும் கரி

விறகு எரிகிறது என்கிறோம். உண்மையில் சுடர்விட்டு எரிவது விறகு அல்ல. சூட்டினால் விறகிலிருந்து வெளிப்படும் ஆவிகளே. அந்த ஆவிகளை முன்கூட்டியே விரட்டிவிட்டால் எஞ்சுவது பெரும்பாலும் கார்பன். கார்பன் இந்த வெப்பத்தில் ஆவியாவதில்லை. ஆக்சிஜன்தான் அதன் மேற்பரப்பைத் தேடி வந்து சேர்ந்து எரிய வேண்டும். ஆகவே சுடர் எழுவதில்லை, தணல் மட்டுமே. புகையாக வர வேண்டிய பொருள்கள் எல்லாம் சூளையிலேயே போய்விட்டபடியால் புகையும் இல்லை.

ஜப்பானியர் கரியைக் கருங்கரி, வெண்கரி என இரண்டாகப் பிரிப்பர். கருங்கரி நமக்குப் பழக்கமான முறையில் செய்யப்படுவது: 400 முதல் 700 டிகிரி வரை சுட்டு, சூளையை அடைத்து, தானே ஆறவிட்டு எடுப்பது. (இக்கட்டுரையில் வரும் டிகிரிகள் எல்லாம் செல்சியஸ்.) வெண்கரியின் கதை வேறு. பல நாட்கள் மெல்லச் சுட்டபின், கடைசிக் கட்டத்தில் சூளையின் வாயைச் சிறிது சிறிதாகத் திறந்து காற்றை உள்ளே விடுவர். எஞ்சிய ஆவிகள் எரிந்து வெப்பநிலை 1000 டிகிரியைத் தொடும், தாண்டவும் செய்யும். தகதகவென்று ஒளிரும் கரியை நீண்ட கொக்கியால் வெளியே இழுத்து, ஈரச் சாம்பலும் மண்ணும் கலந்த பொடியைக் கொட்டி அணைத்துவிடுவர். அந்தப் பொடி மேலே ஒட்டிக்கொள்வதால் வெண்கரி என்று பெயர்.

வெண்கரியில் தலைசிறந்தது பின்ச்சோத்தான். வகாயாமா மாவட்டத்தில், பழைய பெயரில் சொன்னால் கிஷூ நாட்டில், உபாமே என்னும் ஓக் இன மரத்திலிருந்து செய்யப்படுவது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் தனாபே என்ற ஊரில் கரி வியாபாரம் செய்த பிச்சூயா சோசாயெமோன் என்பவரின் பெயரே கரிக்கு நிலைத்துவிட்டது என்பர். உபாமே மெதுவாக வளரும், இறுக்கமான மரம். கரியும் அப்படியே: தண்ணீரில் போட்டால் மூழ்கும், இரு துண்டுகளைத் தட்டினால் உலோகம்போல் கணீரென்று ஒலிக்கும். டார்ச் விளக்கின் பாட்டரிக்கும் பல்புக்கும் இடையே கம்பிக்குப் பதிலாக இதை வைத்தால் பல்பு எரியும். தாழ்ந்த வெப்பத்தில் சுட்ட கரியில் எரியாது. ஆயிரம் டிகிரிச் சூட்டில் கார்பன் அணுக்கள் பென்சில் முனையிலுள்ள கிராபைட்டை ஓரளவு ஒத்த அடுக்குகளாக அமைந்துவிடுவதால், மின்சாரத்துக்கு வழி கிடைத்துவிடுகிறது.

இவ்வளவு இறுக்கமான கரியில் ஆக்சிஜன் எளிதில் நுழைய முடியாது. ஆகவே பற்றவைப்பது பெரும்பாடு. அவசரப்பட்டுச் சூடேற்றினால் உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி வெடித்துச் சிதறும். பற்றிக்கொண்டாலோ மணிக்கணக்கில் ஒரே சீராக நிற்கும். மாலையில் அடுக்கிய தணலை இரவுவரை அதிகம் கிளறத் தேவையில்லை. சமையற்காரருக்கு வேண்டியதும் இந்தச் சீரான போக்குத்தான். விலை கூடுதல் என்பதையும் சொல்ல வேண்டும். காடு குறைவு, செய்பவர் குறைவு. 2004-இல் சீனா மரக்கரி ஏற்றுமதியைத் தடைசெய்தபின், ஜப்பானிய உணவகங்கள் கரிக்காகப் பிற ஆசிய நாடுகளையும் நாட வேண்டியதாயிற்று.

விசிறியின் கணக்கு

சமையற்காரரின் கையில் ஒரு விசிறி இருக்கிறது. ஜப்பானியர் அதை உச்சிவா என்பர். அதைக் கொண்டு அடுப்பின் ஒரு மூலையில் மட்டும் நாலு வீச்சு வீசுகிறார். அங்கே சிவப்பு, மஞ்சளாக மாறுகிறது. இதில் என்ன பெரிய மாற்றம் என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பொருள் வெளிவிடும் கதிர்வீச்சு அதன் தனி வெப்பநிலையின் நான்காம் படியைப் பொறுத்தது. 1879-இல் ஸ்டீபான் சோதனைகளிலிருந்து கண்ட இந்த விதியை 1884-இல் போல்ட்ஸ்மான் கொள்கையளவில் நிறுவினார். நான்காம் படி என்பது பொல்லாதது. தனி வெப்பநிலை இரட்டித்தால் கதிர்வீச்சு பதினாறு மடங்காகும். 700 டிகிரியில் உள்ள முழுக் கரும்பொருள் சதுர மீட்டருக்குச் சுமார் 50 கிலோவாட் வீசும். 900 டிகிரியில் அதுவே 100 கிலோவாட்டைத் தாண்டிவிடும். விசிறியின் நாலு வீச்சு வெப்பநிலையை 200 டிகிரி உயர்த்தினால், சமைக்கும் ஒளி இரு மடங்கு. உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோவாட் என்பதை நினைத்துப் பாருங்கள். தணலை ஒட்டி நிற்கும் இறைச்சியின் கீழ்ப்பக்கம் பல பத்துச் சூரியன்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது!

விசிறி இன்னொன்றும் செய்கிறது. கரி எரிய எரிய மேலே வெண்சாம்பல் படிகிறது. சாம்பல் ஒரு கம்பளிப் போர்வை. உள்ளே தணல் எவ்வளவு சூடாக இருந்தாலும் போர்வையின் வெளிப்புறம் ஆறிக் கிடக்கும். விசிறினால் போர்வை பறக்கிறது. ஆனால் எல்லாக் கடைகளிலும் எல்லா நேரமும் விசிறுவதில்லை. வெப்பம் குறைய வேண்டிய இடத்தில் சாம்பலை அப்படியே விட்டுவிடுவதும் ஒரு வித்தை.

கரித்துண்டுகளை ஏன் இவ்வளவு நெருக்கமாக அடுக்குகிறார்கள்? இரு துண்டுகளுக்கு நடுவேயுள்ள இடுக்கைப் பாருங்கள். துண்டுகளின் வெளிப்பரப்பைவிட இடுக்குத்தான் பிரகாசமாகத் தெரியும். இடுக்கின் இரு சுவர்களும் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்கின்றன. ஒன்று வீசியதை மற்றது விழுங்கி மீண்டும் வீசுகிறது. சிறு துளையுள்ள சூடான பெட்டி முழுக் கரும்பொருளாக நடந்துகொள்ளும் என்று கிர்க்காஃப் 1860-இல் சொன்னதன் உயிருள்ள எடுத்துக்காட்டு இது. தனித்துக் கிடக்கும் தணல் சீக்கிரம் அணைந்துவிடுவதும் கூட்டமாக இருந்தால் நெடுநேரம் நிற்பதும் இதே காரணத்தால்தான்.

இங்கே ஒரு கேள்வி எழும். எரிவாயு அடுப்பின் நீலச் சுடர் தணலைவிடச் சூடானது ஆயிற்றே, அது இப்படிக் கதிர் வீசாதா? வீசாது. நீலச் சுடர் வெறும் வாயு; குறிப்பிட்ட சில அலைநீளங்களில் மட்டும் கொஞ்சம் வீசும். அதன் வெப்பம் பெரும்பாலும் சூடான காற்றாக மேலெழுந்து போகிறது. எரிவாயுவைக் கொண்டு சுட விரும்புகிறவர்கள் அதனால்தான் சுடரை ஒரு பீங்கான் பலகைமேல் படவிட்டு, பலகையைச் செந்தணலாக்கி, அது வீசும் கதிரில் சுடுகிறார்கள்.

சில கடைகளில் அடுப்புக்கும் விருந்தாளிக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு உண்டு. தணலின் சிவப்பு தடையின்றித் தெரியும். முகத்தில் சூடு மட்டும் உறைக்காது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் கண்ணாடி விட்டுவிடுகிறது. தணலின் ஆற்றலில் பெரும்பங்கைச் சுமக்கும் நீண்ட அகச்சிவப்பு அலைகளை அது விழுங்கிவிடுகிறது. இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கரி இஸ்திரிப் பெட்டியைத் திறந்து, கையைச் சற்று எட்ட நீட்டி, நடுவே ஒரு கண்ணாடித் துண்டைப் பிடித்துப் பாருங்கள். நெடுநேரம் பிடிக்க வேண்டாம். கண்ணாடி தானே சூடாகி விரிசல் விடக்கூடும்.

இரண்டு கடிகாரங்கள்

இனி இறைச்சியின் பக்கம் வருவோம். அதில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன: வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. வெளிக் கடிகாரம் மிக வேகமானது. மேற்பரப்பில் ஈரம் உள்ளவரை அங்கே வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்ட முடியாது. வரும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகும். ஈரம் வற்றியதும் வெப்பநிலை விறுவிறுவென்று ஏறும். 140 டிகிரி அளவில் புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வேகமாக வினைபுரிந்து பொன்னிறத்தையும் வாசனையையும் தருகின்றன. 1912-இல் இதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலார் மயாரின் பெயரால் இது மயார் வினை எனப்படுகிறது. எவ்வளவு நேரம் ஆகும்? சதுர மீட்டருக்கு 30 கிலோவாட் வந்து விழுந்தால், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள நீர்ப்படலம் ஆவியாகப் பத்து விநாடிகூட வேண்டாம்.

உள் கடிகாரமோ சோம்பேறி. உள்ளே வெப்பம் கடத்தலால் மட்டுமே போக வேண்டும். இறைச்சியோ நீரைப் போன்ற மட்டமான கடத்தி. வெப்பம் அரை சென்டிமீட்டர் ஆழம் செல்ல ஏறத்தாழ 3 நிமிடம் பிடிக்கும். ஒரு சென்டிமீட்டர் செல்ல 6 நிமிடம் என்று நினைத்தால் தவறு, 12 நிமிடம்! ஆழத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப நேரம் கூடுகிறது. கோழியின் நடுப்பகுதி 75 டிகிரியில் ஒரு நிமிடமாவது இருக்க வேண்டும் என்பது ஜப்பானில் கடைப்பிடிக்கப்படும் பாதுகாப்பு அளவு. அரைவேக்காட்டுக் கோழியில் குடலைக் கெடுக்கும் கிருமிகள் பிழைத்திருக்கும். அதை நாகரிகம் என்று பரிமாறும் கடைகளும் அங்கே உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

வெளியே பத்து விநாடி, உள்ளே பல நிமிடங்கள். சும்மா விட்டால் நடு வேகுமுன் வெளிப்புறம் கரிந்துபோகும். இரு கடிகாரங்களும் ஒரே நேரத்தில் மணி அடிக்கும்படி செய்வதுதான் சுடும் கலை. யாக்கித்தோரித் துண்டுகள் ஒரு வாய்க்குள் அடங்கும் அளவில் இருப்பது நாகரிகத்துக்காக மட்டுமல்ல. சிறு துண்டில் நடுப்பகுதி அருகில் இருக்கிறது, வர்க்கக் கணக்கு சாதகமாகிறது. சமையற்காரர் குச்சியை ஓயாமல் திருப்புவதும் அதற்காகவே. ஒரு பக்கம் தணலைப் பார்க்கையில், மறுபக்கம் தான் வாங்கிய வெப்பத்தை நிதானமாக உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கிறது.

விலாங்கு மீன் சுடுவோரிடையே ஒரு பழமொழி உண்டு: குச்சி கோக்க மூன்று ஆண்டு, மீனைப் பிளக்க எட்டு ஆண்டு, சுடக் கற்க ஆயுள் முழுவதும் என்று. சோயாவும் இனிப்பும் கலந்த குழம்பில் மீனைத் தோய்த்துத் தோய்த்துச் சுடும் வேலை அது. சர்க்கரை சேர்ந்தால் வெளிக் கடிகாரம் இன்னும் தறிகெட்டு ஓடும். ஆயுள் முழுவதும் தேவைதான்!

பலத்த தீ, தொலைவில் வை

ஜப்பானியச் சமையலில் இன்னொரு பழைய வாக்கு: மீனைச் சுடுவதற்குப் பலத்த தீயும் தொலைவும் வேண்டும் என்பது. முதன்முதல் கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. பலத்த தீயைத் தொலைவில் வைப்பதற்குப் பதில் சிறு தீயை அருகில் வைத்தால் என்ன? வந்து சேரும் வெப்பம் ஒன்றாக இருந்தால் விளைவும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்?

இல்லை. சிறு தீயை ஒட்டி வைத்தால், ஒரு தணலுக்கு நேர் மேலே உள்ள இடம் கரியும். இரண்டு சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் இடம் பச்சையாக இருக்கும். விலகிப் போகப் போக ஒவ்வொரு புள்ளியும் எல்லாத் தணல்களையும் ஏறக்குறையச் சமமாகப் பார்க்கிறது. அதோடு, தணலை ஒட்டி எழும் வாயு கொதிசூடானது. உயரே போகுமுன் குளிர்ந்த காற்று கலந்து அதன் வேகம் அடங்கிவிடுகிறது. கதிருக்கு அந்தச் சேதம் இல்லை. ஆகவே தொலைவு கூடினால் சூடான காற்றின் பங்கு குறைந்து கதிரின் பங்கு ஓங்குகிறது. தீ பலமாக இருந்தால்தான் அந்தத் தொலைவிலும் போதிய ஒளி வந்து சேரும்.

இந்த வாக்கு பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டுமானால், நகரத்து உணவகத்தைவிட்டுக் கிராமத்து வீட்டுக்குப் போக வேண்டும். பழைய ஜப்பானிய வீடுகளில் கூடத்தின் நடுவே தரையைச் சதுரமாகக் குடைந்து, சாம்பல் நிரப்பி, நடுவில் தணல் வைத்திருப்பர். அதற்கு ஈரோரி என்று பெயர். ஆயு என்னும் ஆற்றுமீனைக் குச்சியில் குத்தி, தணலைச் சுற்றிச் சாம்பலில் செங்குத்தாக நட்டுவிடுவார்கள். தணலுக்கு மேலே அல்ல, பக்கத்தில்! சூடான காற்று நேரே மேலே போய்விடும். பக்கவாட்டில் மீனுக்கு வருவது கதிர் மட்டுமே. உருகும் கொழுப்பு குச்சிவழியே சாம்பலில் இறங்கும், தணலில் விழாது. மீனின் துடுப்புகளில் மட்டும் உப்பை அப்பி வைப்பர். துடுப்பு மெல்லியது, ஈரம் குறைந்தது; அதன் வெளிக் கடிகாரம் நொடியில் மணி அடித்துவிடும். வெண்பொடியாக அப்பிய உப்பு கதிரைச் சிதறடித்துத் துடுப்பைக் கருகாமல் காக்கிறது.

இந்த அடுப்பங்கரைதான் உணவகமாயிற்று. 1950-ஐ ஒட்டிச் செந்தாய் நகரில் தொடங்கிய ஒரு கடையிலிருந்து 'ரோபாத்தாயாகி', அதாவது அடுப்போரச் சுடல், நாடெங்கும் பரவியது. தணலுக்கு அப்பால் அமர்ந்த சமையற்காரர் நீண்ட மரத் துடுப்பில் தட்டை வைத்து விருந்தாளிக்கு நீட்டுவது இதன் அடையாளம். 2002-இல் சூமா, 2004-இல் ரோக்கா என்று லண்டனில் திறக்கப்பட்ட ஆடம்பர உணவகங்கள் இதற்கு உலகப் புகழ் தேடித்தந்தன. கிராமத்து மீனவனின் கணப்பு, பளபளக்கும் கூடத்தின் நடுவே கண்காட்சிப் பொருளாகிவிட்டது.

புகழோடு ஒரு புனைவும் பரவியது. வெண்கரி வீசும் தொலை அகச்சிவப்புக் கதிர்கள் உணவுக்குள் ஊடுருவி, நடுவிலிருந்து வேகவைக்கின்றன என்று விளம்பரங்களில் எழுதுகிறார்கள். இது தவறு. அந்த அலைநீளங்களை நீரைப்போல விழுங்கும் பொருள் குறைவு. தலைமயிரின் தடிமன் அளவு ஆழத்துக்குள்ளேயே கதிர் ஏறக்குறையத் தீர்ந்துபோகும். இறைச்சியில் முக்கால் பங்கு நீர். சில மில்லிமீட்டர் ஊடுருவக்கூடிய குற்றலைக் கதிர்கள் தணலின் ஒளியில் நூற்றுக்கு நான்கு ஐந்து பங்குக்கு மேல் இல்லை. நடுவை வேகவைப்பது பழைய, சோம்பேறித்தனமான கடத்தலே. உண்மையில் ஊடுருவாததுதான் நன்மை. எல்லா ஆற்றலும் மேற்பரப்பிலேயே இறங்குவதால்தான் தோல் அவ்வளவு விரைவில் மொறுமொறுப்பாகிறது.

எரிவாயுச் சுடரில் நீராவி உண்டாகிறது, கரியில் இல்லை, அதனால்தான் சுவை வேறு என்பது இன்னொரு வாதம். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீர் உண்டாவது மெய்தான். ஆனால் அது குளிர்ந்த இறைச்சியின்மேல் பனிபோல் படிவது முதல் நிமிடத்தில் மட்டுமே. நல்ல பீங்கான் பலகை பொருத்திய எரிவாயு அடுப்பு வெண்கரியை மிகவும் நெருங்கி வந்துவிடும் என்பது என் கணிப்பு. கரிச்சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு கரியினுடையது அல்ல. தணலில் விழுந்து ஆவியாகும் கொழுப்பினுடையது.

கருகலின் விலை

அந்தக் கொழுப்புப் புகையைப் பற்றி ஜப்பானியரே உலகுக்குச் சொன்ன சேதி ஒன்று உண்டு. 1915-இல் தோக்கியோவில் யாமாகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதில் மாதக்கணக்கில் நிலக்கரித் தாரைத் தடவி, வேதிப்பொருளால் புற்றுநோய் உண்டாக்க முடியும் என்று முதன்முதலாகக் காட்டினார்கள். அந்தத் தாரில் இருந்த பென்சோபைரீன் என்ற பொருள், தணலில் கொழுப்பு சொட்டிக் கிளம்பும் புகையிலும் இருக்கிறது. 1977-இல் ஜப்பானிய தேசியப் புற்றுநோய் மையத்தின் சுகிமுராவும் அவருடைய குழுவினரும் சுட்ட மீனின் கருகிய பகுதியையும் அதன் புகையையும் பாக்டீரியாக்களில் சோதித்தபோது, அவை மரபணுக்களை மாற்றும் திறன் பெற்றிருந்தன. பென்சோபைரீனின் அளவைக் கொண்டு மட்டும் அதை விளக்க முடியவில்லை. வேறு ஏதோ இருக்க வேண்டும் என்று தேடியதில், தசைப் புரதம் கடும் சூட்டில் சிதைந்து உண்டாகும் ஒரு புதிய வேதிப்பொருள் குடும்பமே வெளிப்பட்டது. 1980-இல் அவற்றுள் ஒன்றைச் சுட்ட மத்தி மீனிலிருந்து பிரித்தெடுத்தனர்.

எப்போதாவது சுட்ட மீன் தின்றால் புற்றுநோய் வந்துவிடும் என்று இதற்குப் பொருளல்ல. பொன்னிறம் வேறு, கருகல் வேறு என்பதுதான் இதில் உள்ள சேதி. கருகல் என்பது வெளிக் கடிகாரம் முந்தி ஓடியதன் அடையாளம். அளவறிந்த சமையற்காரர் அந்தக் குச்சியை உங்களுக்குத் தரமாட்டார். கருகிய நுனியைக் கத்தரியால் வெட்டி எறிந்துவிட்டுப் பரிமாறுவோரும் உண்டு.

மணமில்லாத பகை

சுடரும் புகையும் இல்லாத தணலைக் கண்டால் மனிதனுக்கு அச்சம் போய்விடுகிறது. அங்கேதான் ஆபத்து. கரியின் அடியில் ஆக்சிஜன் நிறைய இருப்பதால் கார்பன் டைஆக்சைடு உண்டாகிறது. அது மேலே உள்ள செந்தணலின் ஊடே ஏறும்போது, இன்னொரு கார்பன் அணுவைப் பிடுங்கிக்கொண்டு கார்பன் மோனாக்சைடாகிறது. காற்று தாராளமாக இருந்தால் அது தணலின் உச்சியில் மெல்லிய நீலச் சுடராக எரிந்து தீரும். காற்று போதாவிட்டால் எரியாமல் அறைக்குள் பரவும். நிறம் இல்லை, மணம் இல்லை, கண் எரிச்சல் இல்லை. விறகுப் புகையாவது இருமலை வரவழைத்து நம்மை வெளியே துரத்தும். இது அதுவும் செய்யாது.

இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகக் கார்பன் மோனாக்சைடைப் பற்றிக்கொள்ளும். காற்றில் பத்தாயிரத்தில் பதினாறு பங்கு இருந்தால் இருபது நிமிடத்தில் தலைவலி, மயக்கம், குமட்டல். இரண்டு மணி நேரத்துக்குள் மரணம். பழைய ஈரோரி வீடுகளில் மரச் சுவரின் இடுக்குகளும் கூரையின் திறப்பும் குளிரை உள்ளே விட்டன. கூடவே உயிரையும் காத்தன. இன்றைய கட்டடங்கள் காற்றுப் புகாதவை. ஜப்பானில் உணவகப் பணியாளர்கள் இந்த வாயுவால் மயங்கி விழுந்திருக்கிறார்கள். கரி பற்றவைக்கும் வேளையில் வெளியேற்று விசிறியைப் போட மறப்பது போதும். புகைக்கூண்டு இருந்தால் மட்டும் போதாது. எவ்வளவு காற்றை அது வெளியே தள்ளுகிறதோ அவ்வளவு புதுக்காற்று உள்ளே வர வழி வேண்டும். நீங்கள் கொடுக்கும் விலையில் ஒரு பகுதி இந்தக் கண்ணுக்குத் தெரியாத குழாய்களுக்கும், சுவரில் மாட்டிய எச்சரிக்கைக் கருவிக்கும் போகிறது.

நமது ஊட்டியிலும் கொடைக்கானலிலும், குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழாமல் போன செய்திகளை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். புகைந்து தீர்ந்த கரிதானே, இனி என்ன என்று நினைத்து உள்ளே கொண்டுபோகிறார்கள். புகை தீர்ந்த கரிதான் அந்த வாயுவை அதிகம் தருவது. தலைவலி தோன்றினால் மாத்திரை தேடவேண்டாம். கதவைத் திறந்து வெளியே போக வேண்டும், மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு.

நமது கின்சா உணவகத்தில் கடைசிக் குச்சியும் பரிமாறியாயிற்று. சமையற்காரர் இடுக்கியால் தணல்களை ஒவ்வொன்றாக எடுத்து, மூடியுள்ள ஒரு பானைக்குள் போடுகிறார். தண்ணீர் ஊற்றுவதில்லை. மூடியை இறுக மூடியதும் உள்ளேயுள்ள ஆக்சிஜன் தீர்ந்து, தணல்கள் அணைந்துவிடுகின்றன. மூடியைத் திறக்காமல் பானையை வெளிவாசலுக்கு அருகே கொண்டுபோய் வைக்கிறார். வெளியேற்று விசிறி இன்னும் சுழன்றுகொண்டிருக்கிறது. தட்டுகளைக் கழுவி முடித்தபின்தான் அதை நிறுத்துவார். நாளை மாலை அதே கரித்துண்டுகள், இன்றைவிடச் சற்று எளிதாகவே பற்றிக்கொள்ளும்.